இரண்டு காதும் எதற்கு?

இருட்டில் வயற்காவல் இருப்பவருக்கு யானை எந்தப் பக்கம் மரம் முறிக்கிறது என்று சொல்வது கண் அல்ல, காது. அதுவும் ஒரு காதல்ல, இரண்டும் சேர்ந்துதான். வலப்பக்கச் சத்தம் வலக்காதுக்கு முதலில் வருகிறது. இடக்காதுக்கு அது சற்றுப் பிந்தியும், தலை மறைப்பதால் சற்றுக் குறைந்தும் போய்ச் சேருகிறது. அந்தப் பிந்தல் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் மூளை அதைக் கணக்கிட்டுத் திசையை அறிந்துவிடுகிறது. தாழ்ந்த சுரங்களுக்கு நேர வேறுபாடும் உயர்ந்த சுரங்களுக்கு உரப்பு வேறுபாடும் உதவுகின்றன என்று ஆங்கில விஞ்ஞானி றேலிப் பிரபு 1907இல் விளக்கினார்.

உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள மயிர்க்கலங்களே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. பிறவிக் குறையாலோ மூளைக்காய்ச்சலாலோ பெருவெடிப்பாலோ அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஷெல் விழுந்த காலத்துக்குப் பிறகு காது மந்தமானோர் எம்மிடையே உண்டு. ஓரளவு கேட்கக்கூடியவர்களுக்குச் சாதாரண காதுக்கருவி உதவும். அதுவும் பயன்படாதவர்களுக்கே நான் சொல்லவரும் சத்திரசிகிச்சை.

மெல்பேர்ண் பேராசிரியர் கிறேம் கிளார்க்கின் தந்தை காது மந்தமானவர். நத்தைச்சுருளுக்குள் மின்கம்பியை எப்படிச் செலுத்துவது என்று தெரியாமல் மகன் நெடுநாள் தவித்தார். 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பியோட்டினுள் புல்லொன்றை நுழைத்துப் பார்த்தபோது வழி புலப்பட்டது. நுனி மெலிந்து அடி தடித்த புல் சுருளினுள் இலகுவாய்ப் போயிற்று. 1978இல் முதல் நோயாளிக்கு அவர் கருவியைப் பொருத்தினார். காதின் பின்னுள்ள ஒலிவாங்கி சத்தத்தை எடுக்க, சிறு கணனி அதைப் பிரித்து, உள்ளேயுள்ள மின்வாய்கள் வழியே நரம்பைத் தூண்டும்.

ஒரு காதில் இதைப் பொருத்தியவர் அமைதியான வீட்டில் பேச்சை விளங்கிக்கொள்வார். சந்தைக்குப் போனால் திணறுவார்; கூப்பிட்டவர் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. அப்படியானால் இரு காதிலும் பொருத்தினால் என்ன? 1990களின் தொடக்கத்தில் மெல்பேர்ணில் இந்த ஆய்வு தொடங்கியது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ரூத் லிட்டொவ்ஸ்கி குழுவினரும் நீண்டகாலம் உழைத்துள்ளனர். பலன் உண்டு, ஆனால் பாதிதான். உரப்பு வேறுபாட்டால் திசை ஓரளவு பிடிபடுகிறது. இரைச்சலுக்கு அப்பாற்பட்ட காதால் பேச்சைக் கேட்கவும் முடிகிறது. நேர வேறுபாடோ பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏனென்றால் இரு கருவிகளும் தத்தம் கடிகாரப்படி ஓடுகின்றன. ஒருவரையொருவர் கேளாமல் இரண்டு தவில்காரர் அடிப்பதுபோல. ஆய்வுகூடத்தில் இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்து, மின் துடிப்புகளை மெதுவாக அனுப்பியபோது, வளர்ந்தபின் செவிடானவர்கள் பலர் அந்த நேர வேறுபாட்டையும் உணர்ந்தனர். பிறவியிலேயே கேளாதவர்களுக்கு அது அரிதாகவே கிட்டியது. சிறுவயதில் பழகாத மூளை பின்னர் அதைக் கற்பது கடினம்.

கருவியின் விலையோ மிக அதிகம். பிரித்தானிய அரச சுகாதார சேவைக்கு 2009இல் தரப்பட்ட வழிகாட்டலின்படி பிள்ளைகளுக்கு இரு காதிலும் பொருத்தலாம், வளர்ந்தோருக்கு ஒன்றுதான். பார்வையற்றோர் போன்றோருக்கு மட்டும் விலக்கு உண்டு. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. பார்வையற்றவர் தெருவைக் கடப்பது காதால் அல்லவா?

எந்தக் கருவியானாலும் முந்திக் கொடுத்தால்தான் பயன். ஆறு மாதக் குழந்தை சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பாவிட்டால், போகப் போகச் சரிவரும் என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தூங்கும் பிள்ளையின் காதில் சிறு குமிழொன்றை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் சோதனை உண்டு. அதில் வலி இல்லை.