தாயில்லாக் குஞ்சுகளுக்கு ஒரு தாய்ச் சிறகு

(பத்தாம் வகுப்பு மாணவி, வேங்கிக்கால்)



“கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?” என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாய்க்கோழி மிதித்தால் குஞ்சுக்குக் கேடு வராது என்பது உண்மைதான். ஆனால் தாயே இல்லாத குஞ்சுகள் குளிருக்குப் பயந்து ஒன்றையொன்று மிதித்தால் என்ன ஆகும்? அதை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் என் அம்மா 25 ஒருநாள் குஞ்சுகளை வாங்கி வந்தார். சதுரமான அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டிய மழையையும், மலையில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்த துயரத்தையும் நம் ஊர் என்றும் மறக்காது. எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. அந்தக் கலக்கத்தில் குஞ்சுகளை யாரும் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால், பெட்டியின் ஒரு மூலையில் குஞ்சுகள் குவியலாகக் கிடந்தன. அடியில் இருந்த நான்கும் நசுங்கி இறந்திருந்தன.

ஏதோ நோய் என்று எண்ணி அம்மா மருந்து வாங்கக் கிளம்பினார். பாட்டி தடுத்துவிட்டார். “நோயுமில்ல, ஒண்ணுமில்ல. குளிரும்மா. பொட்டியில மூலை இருக்குது, அதான் போயி அடைஞ்சிக்கிச்சுங்க. கோழி றெக்கையில மூலை ஏது?” என்றார். அன்று முதல் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

குஞ்சுக்கு ஏன் சூடு வேண்டும்?

பிறந்த குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு போன்ற தூவிதான். அது முழுமையான இறகு அன்று. முதல் இரண்டு வாரங்களுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளக் குஞ்சுக்கு இயலாது. அதனால்தான் தாய்க்கோழி அடிக்கடி சிறகுக்குள் அணைத்துக்கொள்கிறது. அந்தச் சிறகுக்குப் பதிலாக நாம் அமைப்பதே புரூடர்.

ஒன்றரை அடி உயரமுள்ள தகரம் அல்லது அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்த வேண்டும். வட்டத்தில் மூலை இல்லை. ஆகவே குஞ்சுகள் ஒதுங்கி நசுங்குவதும் குறைவு. தரையில் இரண்டு அங்குல கனத்திற்கு உமியோ, நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் நிலக்கடலைத் தோலோ பரப்பலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு வேண்டும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதிய சூடு தராது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். மின்சாரம் நின்றால், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். நாங்களும் அன்று அப்படித்தான் செய்தோம்.

குஞ்சுகள் பேசும் மொழி

வெப்பமானி இல்லாவிட்டாலும் கவலையில்லை. குஞ்சுகளே நமக்குச் சொல்லும். பல்பின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு உரக்கக் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். பல்பை விட்டு விலகி, வாயைத் திறந்து, சிறகைத் தொங்கவிட்டு இளைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் காற்று வீசுகிறது. பரவலாக நடமாடி, மெல்லக் கீச்சிட்டு, இரை தின்று உறங்கினால் அவை நலமாக இருக்கின்றன.

வாடிய குஞ்சுக்கு முதலுதவி

சோர்ந்த குஞ்சைத் தனியே எடுத்து முதலில் சூடேற்ற வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நிமிர்ந்து நின்றபின், கொதித்து ஆறிய நீரில் சிறிது சர்க்கரையோ வெல்லமோ கரைத்து, அலகை மெல்ல நனைத்துக் காட்டினால் தானே குடிக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சுகள் உள்ளே விழுந்து நனையா.

எங்கள் குஞ்சு ஒன்றுக்குப் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைத்துவிட்டது. இதைப் பிய்த்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் உலர்த்தி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவினேன். மறுநாளே அது ஓடியாடியது. இன்னொன்றுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்துபோயின. வழுக்கும் செய்தித்தாளின் மேல் குஞ்சுகளை விட்டால் இப்படி நேரும். கால்களிடையே சிறிது இடைவெளி விட்டுக் கம்பளி நூலால் இலேசாகக் கட்டி, சொரசொரப்பான சாக்குத் துணியில் விட்டேன். சில நாட்களில் நேராக நின்றது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஈரமான உமியில் இது எளிதில் பரவும். கழிச்சலோடு கழுத்துத் திருகல் தோன்றினால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927இல் காணப்பட்டதால் இதற்கு இராணிக்கெட் நோய் என்றும் பெயர். வந்தபின் மருந்தில்லை, ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட்டு முன்கூட்டியே காக்க வேண்டும். மனிதர்களுக்குரிய மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இறந்த குஞ்சுகளைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். குஞ்சைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவுவது மிக அவசியம்.

அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் மலைமேல் தீபம் ஏற்றியபோது எங்கள் குஞ்சுகளுக்கு இரண்டு வாரம் நிறைந்திருந்தது. எஞ்சிய 21இல் 19 பிழைத்தன. இறந்தவற்றை எண்ணும்போது இன்றும் எனக்கு வருத்தமே. அன்றிரவு ஒருமுறை எழுந்து பார்த்திருந்தால் அந்த நான்கும் இருந்திருக்கும்.

தோழியரே, வாயில்லா உயிர்களுக்கும் ஒரு மொழி உண்டு. மருந்தைத் தேடும் முன் சற்று நேரம் அவற்றின் அருகே அமர்ந்து பாருங்கள். என்ன வேண்டும் என்று அவையே நமக்குச் சொல்லும்.