காது கேளாத பெண் கோடி வென்ற கதை!
சில மாதங்களே நடந்த "கோடீஸ்வரி"யை மறக்க முடியுமா?

ஒரு கோடி ரூபாய்!

எண்ணால் எழுதினால், 1 போட்டு அதன் பக்கத்தில் 7 சைபர் போட வேண்டும். அவ்வளவு பணத்தையும், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஒரு பெண் வென்றார். அவருக்குக் காது கேட்காது. வாய் பேசவும் இயலாது.

இது கட்டுக்கதை அல்ல. 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம், "கலர்ஸ் தமிழ்" தொலைக்காட்சியில் மக்கள் கண்ணால் கண்ட காட்சி. நிகழ்ச்சியின் பெயர், "கோடீஸ்வரி".

இங்கிலாந்தில் பிறந்த போட்டி

இந்தப் போட்டி முதன்முதலில் இங்கிலாந்து நாட்டில் நடந்தது. ஆண்டு 1998. 2000-ம் ஆண்டு இந்தி மொழிக்கு வந்தது. நடிகர் அமிதாப் பச்சன் கேள்வி கேட்டார். பிறகு தமிழிலும் வந்தது. சன் டி.வி.யில், "கோடீஸ்வரன்" என்ற பெயரில் நடிகர் சரத்குமார் நடத்தினார். சில காலம் நடந்து, நின்று போனது.

2012-ல் விஜய் டி.வி.யில் அது மறுபடியும் உயிர் பெற்றது. "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி" என்று பெயர் வைத்தார்கள். முதலில் சூர்யா, அடுத்து பிரகாஷ்ராஜ், அதற்குப் பின் அரவிந்த்சாமி நடத்தினார்கள். அதுவும் நின்றது.

2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மீண்டும் வந்தது. இந்த முறை ஒரு புதுமை! போட்டியில் கலந்து கொள்கிறவர்கள் எல்லோருமே பெண்கள். கேள்வி கேட்பவரும் ஒரு பெண்தான். அவர் யார்? நடிகை ராதிகா! முன்பு கணவர் நடத்திய போட்டியைப் பின்னாளில் மனைவி நடத்தினார்.

போதும் என்று எழுந்திருக்கும் அறிவு

போட்டியின் விதி சுலபமானது. ஒரு கேள்வி, 4 பதில்கள். அதில் ஒன்றுதான் சரி. ஒவ்வொரு படியாக ஏற ஏறப் பணம் கூடும், கேள்வியும் கடினமாகும். தவறாகச் சொன்னால் பல படிகள் கீழே சரிய வேண்டும். தெரியாவிட்டால், "போதும்" என்று சொல்லிவிட்டு, அதுவரை வென்ற பணத்தோடு எழுந்து போகலாம்.

அந்த இடத்தில்தான் நெஞ்சு படபடக்கும். ஏறுவதா, நிற்பதா? கரிசல் காட்டில் மழையை நம்பி விதை போடுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தவிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருக்கிற விதையை எல்லாம் போட்டுவிடுவதா, கொஞ்சம் மிச்சம் வைப்பதா என்று ஆண்டுதோறும் யோசிக்கிறவர்கள் அல்லவா?

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மாதக் கடைசியில் குடும்பத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தானே! "அவளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. என்ன தெரியும் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார்கள்.

மதுரைப் பெண் கௌசல்யா

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான், மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. மதுரை மாவட்ட கோர்ட்டில் இளநிலை உதவியாளராக வேலை பார்த்தவர். ஒரு குழந்தைக்குத் தாய்.

ராதிகா பேசுவது அவர் காதில் விழாது. பார்க்க வந்தவர்கள் கை தட்டினாலும் கேட்காது. ஆனால் கேள்வியும் 4 பதில்களும் திரையில் எழுத்தாக வரும். அவற்றை அவரால் படிக்க முடியும். அந்த எழுத்துதான் அவருக்குக் காது. சிறு வயதிலிருந்து படித்த படிப்புதான் அவருக்கு வாய்.

ஒவ்வொரு படியாக ஏறினார். உச்சிக்கே போனார். ஒரு கோடியை வென்றார்!

பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நாகர்கோவிலில் தாம் படித்த, காது கேளாதோர் பள்ளிக்கு உதவ வேண்டும் என்றார். ஏணியில் ஏறியவர் ஏணியை மறக்கவில்லை.

எட்டயபுரத்துக்குப் புதிது அல்ல

சபை நடுவே அறிவைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் எட்டயபுரத்துக்குப் பழகிய காரியம். "சீறாப்புராணம்" பாடிய உமறுப் புலவர், இளம் வயதிலேயே வடநாட்டுப் பண்டிதர் ஒருவரை இங்கே வாதில் வென்றார் என்று சொல்வார்கள். 1882-ல் இதே ஊரில் பிறந்த சுப்பிரமணியனுக்கு, 11 வயதில் புலவர்கள் கூடிய சபையில் "பாரதி" என்ற பட்டம் கிடைத்தது. ஊரும் பெற்றோரும் வைத்த பெயரை விட, அந்தப் பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்தது.

ஆனால் அந்தச் சபைகளில் பட்டம் பெற்றதாக நாம் கேள்விப்படுவது எல்லாம் ஆண்களைத்தான். "பெண்ணும் படிக்க வேண்டும், சபையில் நிமிர்ந்து நிற்க வேண்டும்" என்பது பாரதியார் வாழ்நாள் எல்லாம் கொண்ட ஆசை. "கோடீஸ்வரி"யைப் பார்த்தபோது, அந்தச் சபையில் பெண்ணுக்கும் நாற்காலி போட்டது போல் இருந்தது.

நின்றது நிகழ்ச்சி, நிலைத்தது பாடம்

"கோடீஸ்வரி" நீண்ட நாள் நடக்கவில்லை. சில மாதங்களில் முடிந்துவிட்டது. பல ஆண்டுகள் இழுக்கும் தொடர்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் மாமியார் மருமகள் சண்டையைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். பெண்ணின் அறிவைப் பார்த்துக் கை தட்டிய மாதங்கள் மிகச் சில. அதனால்தான் அது நின்றது மனதுக்குக் குறையாக இருக்கிறது.

மறுபடியும் ஒரு "கோடீஸ்வரி" வரட்டும். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிற பெண்ணும், எட்டயபுரத்துத் தறியில் உட்காருகிற பெண்ணும் அதில் போய் உட்காரட்டும்.

அது வருகிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டுமா? இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பத்திரிகையை வைத்துக் கொண்டு, வீட்டில் உள்ள பெண் பிள்ளைகளிடம் 4 கேள்வி கேளுங்கள். அவர்களும் உங்களைக் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டியாவது படித்துக் கண்டுபிடியுங்கள்.

கௌசல்யா ஏறிய முதல் படியும் அதுதான்!