கீசர் மூட்டில் துருவா?

உங்கள் வீட்டுக் குளியல் அறையில் கீசர் இருக்கிறதா? தொட்டியில் குழாய் வந்து சேரும் மூட்டை உற்றுப் பாருங்கள்.

காவி நிறமாக இருந்தால், அது இரும்புத் துரு. பச்சையாகப் பூத்திருந்தால், அது செம்பு, பித்தளையில் பிடிக்கும் களிம்பு. இரண்டும் ஆபத்தின் அறிகுறிகள். மூட்டு அரித்தால் தண்ணீர் கசியும். கசியும் நீர் மின்சாரக் கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து!

ஏன் அரிக்கிறது?

பல கீசர்களில் தொட்டி, இரும்பு இனத்தைச் சேர்ந்த எஃகு. குழாய் மூட்டு செம்பு அல்லது பித்தளை. இரண்டும் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நனைந்தால், பேட்டரியைப் போலச் சிறு மின்சாரம் பிறக்கிறது. அதனால் இரும்பு கரைகிறது, செம்பு தப்பித்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கப்பல் சொன்ன பாடம்

‘அலாரம்’ என்பது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1761-ம் ஆண்டில் அதன் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்தார்கள். 1763-ல் சோதித்தபோது இரும்பு ஆணிகள் அரித்துக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. என்ன காரணம்? தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம், அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே சிக்கியிருந்தது!

கீசருக்கும் அதே வழிதான். இரும்பும் செம்பும் தொடாதபடி, வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் உள்ள இணைப்பை நடுவே போடவேண்டும்.

தியாகம் செய்யும் கம்பி

பல தொட்டிகளுக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. அது தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுகிறது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, கப்பலின் செம்பைக் காக்க இதே முறையைச் சொன்னார். இந்தக் கம்பியை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கரைந்துவிட்டால் புதிது போடவேண்டும்.

கவனம்!

துருவின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே அரிப்பு நிற்காது.

மூட்டைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீரையும் அடைத்து, தொட்டியை ஆறவிடுங்கள். கழற்றும் வேலையைப் பிளம்பரிடம் விடுங்கள்.

பிளாஸ்டிக் இணைப்பு போட்டபின் எர்த் கம்பியை எலக்ட்ரீசியன் சோதிக்கட்டும். குழாய் வழியாக இனி மின்சாரம் தரைக்குப் போகாது.

மூட்டு கெட்டால் மாற்றலாம். தொட்டியே ஓட்டையானால் ஒட்டுப்போடாதீர்கள், கீசரையே மாற்றுங்கள். பணத்தைவிட உயிர் பெரிது!