துளசிக்கு வேறு முகம் உண்டா?

டில்லியில் பிறந்த ஸ்மிருதி இரானி, மத்திய அமைச்சராக இருந்தவர். 2024 தேர்தலில் அமேதியில் தோற்றார். மறு ஆண்டே, ஜூலை 29 அன்று, ஸ்டார் பிளஸ் திரையில் துளசியாக மீண்டும் வந்து நின்றார். 'கியூங்கி ஸாஸ் பீ கபீ பஹு தீ' (மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தானே என்று பொருள்) 2000 முதல் 2008 வரை ஓடிய தொடர்.

பழைய கதைக்குப் புதுமுகம் தேடுவதுதான் வழக்கம். 2008ல் என்.டி.டி.வி. இமேஜின் ராமாயணத்தை மறுபடி எடுத்தபோது குர்மீத் சௌத்ரி ராமரானார். ராமருக்கு அது சரி. தெருக்கூத்திலேயே ஊருக்கு ஒரு ராமர். துளசி விஷயம் வேறு. 2007ல் ஸ்மிருதி விலகியதும் கௌதமி கபூரைப் போட்டார்கள். மறு ஆண்டே ஸ்மிருதியை அழைக்க வேண்டியதாயிற்று. கணவன் மிஹிர் வேடத்தில் அமர் உபாத்யாய், இந்தர் குமார், ரோனித் ராய் என்று மூவர் நடித்தார்கள். இம்முறை தயாரிப்பாளர் ஏக்தா கபூர் முதலாமவரையே கூப்பிட்டார். கெட்டிக்காரர்! ஆனால் 'பா' பாட்டியாக வந்த சுதா சிவ்புரியைக் கூப்பிட முடியாது. அவர் 2015ல் காலமாகிவிட்டார்.

'ஹம் லோக்' தொடரையும் இப்படி எடுக்கலாமே என்று எங்கள் காலனிப் பெரியவர்கள் கேட்கிறார்கள். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 154 வாரம் அல்ல, 154 பகுதி வந்தது. 1985 டிசம்பரில் முடிந்தது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. பட்கி, மஜ்லி, சுட்கி வேடங்களுக்கு நடிகைகள் கிடைப்பார்கள். பகுதி முடிந்ததும் வந்து பேசினாரே அசோக் குமார், 2001ல் மறைந்த அந்த மனிதரின் இடத்தில் யாரை நிறுத்துவது?