மாடிக்குப் போகும் வயரும் ஐந்தாண்டுச் செலவும்

இரண்டு தளமுள்ள வீடு, 300 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 999 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,178.82. ஐந்து வருடத்துக்கு 70,729 ரூபாய். இதன் பக்கத்தில் ரௌட்டர், வயர், கூலி எல்லாமே சில்லறைதான். ஆனால் நாம் பேரம் பேசுவது சில்லறையில்.

அந்த வீட்டின் பழைய ரௌட்டரில் இருப்பவை 100 எம்பிபிஎஸ் போர்ட்கள். அதில் உண்மையாகக் கிடைப்பது 94 அளவுதான். 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதே வேகம், வரியோடு 824.82-க்கு வந்திருக்கும். மாதம் 354 ரூபாய் வீண். ஐந்து வருடத்தில் 21,240.

300 தேவையா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 4கே படம் ஓட 15 எம்பிபிஎஸ் போதும். மூன்று டிவி ஒரே நேரத்தில் ஓடினாலும் 45. வித்தியாசம் தெரிவது பெரிய கோப்புகளில்: 50 ஜிபி விளையாட்டை இறக்க 94-ல் 71 நிமிடம், 300-ல் 22 நிமிடம். எப்போதாவது இறக்குபவர் பிளானைக் குறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

வேண்டும் என்பவர்களுக்கு உத்தேசக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும். ஜிகாபிட் ரௌட்டர் 3,000. மாடி அறைக்கு 18 மீட்டர், மேசைக்கு 12, டிவிக்கு 8. தொங்கலுக்கு 4 சேர்த்து 42 மீட்டர் கேட்-6 வயர், மீட்டர் 25 வீதம் 1,050. ஆர்ஜே-45 பிளக் 10, நூறு ரூபாய். எலக்ட்ரீஷியன் கூலி 800. மொத்தம் 4,950, மாதம் வீணாகும் 354-ஆல் வகுத்தால் 14 மாதம். 305 மீட்டர் பெட்டி வாங்கத் தேவையில்லை, வெட்டித் தருவார்கள். தனி சுவிட்சும் வேண்டாம்: ரௌட்டரிலேயே பெரும்பாலும் நாலு போர்ட் இருக்கும், வயரோ மூன்று.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு, வளைவில் ஒடியும்.

பழைய ரௌட்டரை மாடியில் வைஃபைக்கு மாட்டலாம். அங்கே 94 தாராளம். ஆனால் இனாமில்லை. 6 வாட் வீதம் வருடம் முழுக்க ஓடினால் 52.56 யூனிட். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இது மேல்படியில்தான் விழும். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடம் 420, ஐந்து வருடத்துக்கு 2,102. இரவில் ஏழு மணி நேரம் அணைத்தால் 613 மிச்சம்.

பராமரிப்பில் நான் விடாமல் பார்ப்பது ஒன்றுதான்: கணினியின் நெட்வொர்க் அமைப்பில் காட்டும் இணைப்பு வேகம். ஜிகாபிட்டுக்கு வயருக்குள் இருக்கும் எட்டு இழையும் வேண்டும். 100-க்கு நாலே போதும். ஒரு இழை கழன்றால் இணைப்பு அறுந்தே தீரும் என்றில்லை; பல சமயம் சத்தமில்லாமல் 1,000-லிருந்து 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி வேறு பிளக் போட்டால் சரியாகும். மூன்று வயருக்கு 6 பிளக் போதுமென்றாலும் 10 வாங்கச் சொன்னது இதற்குத்தான்.