தலைமயிரைக் கொண்டு உலோக விஷத்தை அறிதல்

காபிச் செடிகளுக்கு மருந்து தெளிக்கும் பருவத்தில், தலைச்சோலை முதலான ஏற்காட்டு மலைக்கிராமங்களின் பட்டாதாரர்கள் சிலர், வேலையாட்களின் மயிரை வெட்டியனுப்பினால் தேகத்தில் விஷம் ஏறியிருக்கிறதா என்று கண்டுவிடலாமா என வினவுகின்றனர். சில உலோகங்களுக்கு மயிர் நம்பத்தக்க சாக்ஷியாகும். நாம் தெளிக்கும் மயில்துத்தத்திற்கு அஃது அவ்வாறன்று. காரணத்தை அறிந்துகொண்டால் வீண் செலவும் வீண் பயமும் இரா.

தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. வேரில் அது உண்டாகும்போது, இரத்தத்திலுள்ள சில உலோகங்கள் மயிரிலுள்ள கந்தகத்தோடு பிணைந்துகொள்கின்றன. தோலுக்கு வெளியே வந்தபின் மயிருக்கும் இரத்தத்திற்கும் தொடர்பில்லை. பிணைந்த உலோகமோ அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மயிரில் வேர்ப்பக்கத்துத் துண்டு அண்மையில் கழிந்த மாதத்தையும், நுனி ஏறக்குறைய ஓராண்டுக்கு முந்திய காலத்தையும் காட்டும். இரத்தப் பரீக்ஷையில் இவ்வளவு பழைய கணக்குக் கிடையாது.

இதன் பயனை உலகம் நன்கறிந்தது ஒரு விதைத் தானியத்தினாலாகையால், அவ்விருத்தாந்தத்தை விவசாயிகள் தெரிந்துகொள்வது நலம். 1971-ம் ஆண்டின் பிற்பகுதியில், பூஞ்சாண நோயைத் தடுக்கும்பொருட்டு மீதைல் பாதரஸம் பூசிய கோதுமையும் வாற்கோதுமையும் ஈராக் தேசத்துக் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டன. கோதுமை மட்டும் 70,000 டன்னுக்கு மேற்பட்டது. அநேக இடங்களில் அது விதைப்புக் காலம் கடந்தபின்னரே வந்து சேர்ந்தது. சாக்குகளின்மேல் எச்சரிக்கை அந்நிய பாஷையில் அச்சிடப்பட்டிருந்தது. அடையாளமாகச் சேர்த்த சிவப்புச் சாயத்தைக் கழுவினால் விஷமும் நீங்கும் என்று ஜனங்கள் எண்ணினர். சாயம் போயிற்று, பாதரஸம் போகவில்லை. கோழிகளுக்குச் சில நாள் இட்டுப் பார்த்து, அவை சாகாமை கண்டு ரொட்டி சுட்டு உண்டோரும் உண்டு. இவ்விஷம் பல வாரங்கள் ஒரு குறியும் காட்டாதிருந்து, பின்னர் விரல் மரத்தல், நடை தள்ளாடல், பார்வை சுருங்கல் என வெளிப்படும். ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களில் இறந்தோர் 459 பேர். வீடுகளிலேயே இறந்தவர்கள் இக்கணக்கில் சேரார்.

பாக்தாத் சர்வகலாசாலையாரும் அமெரிக்காவிலுள்ள ராச்செஸ்டர் சர்வகலாசாலையாரும் பெண்களின் நீண்ட கூந்தலைச் சென்டிமீட்டர் கணக்கில் துண்டித்துப் பரீக்ஷித்தனர். எந்த மாதத்தில் விஷ ரொட்டி உள்ளே சென்றது, எப்பொழுது உச்சநிலையை அடைந்தது, எப்பொழுது தணிந்தது என்பனவெல்லாம் அதில் வரிசையாகத் தெரிந்தன. தாய்க்குச் சொற்பமான குறியே தோன்றியும் கருவிலிருந்த சிசுவின் மூளை கெட்ட சம்பவங்கள் இருந்தமையால், எந்த மாதத்தில் எவ்வளவு பாதரஸம் சென்றது என்பதைக் கூந்தலைக்கொண்டு அறிந்தது பெரிதும் உதவிற்று. மீதைல் பாதரஸம் இரத்தத்திலிருப்பதைப்போல் ஏறக்குறைய 250 மடங்கு மயிரில் சேரும். வயது வந்தோர் மயிரில் பத்து லட்சத்திற்கு 50 பங்கு இருப்பின் நூற்றுக்கு ஐவருக்கு நரம்புக்கேடு நேரக்கூடும் என்றும், கர்ப்பிணிகளுக்கு 10 முதல் 20 பங்கைக் கடந்தாலே சிசுவுக்கு ஆபத்து என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ல் குறித்தது.

நம் நாட்டிலும் கரும்புக் கரணைக்கும் உருளைக்கிழங்கு விதைக்கும் வேறொரு பாதரஸ மருந்து வழங்கிவந்து, 2018 ஆகஸ்டில் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா எங்கேனும் கிடந்தால் திறவாமல் வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிக்க. எம்மருந்து பூசிய விதையாயினும், கழுவியும்கூட, மனிதருக்கோ கோழிக்கோ மாட்டுக்கோ இடலாகாது.

பாதரஸமென்றால் எல்லாம் ஒன்றன்று. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் தொழிலாளர் கையாண்டது உலோகப் பாதரஸம். அதன் ஆவியை மூச்சில் வாங்கியவருக்குச் சிறுநீர்ப் பரீக்ஷையே தகுதி, மயிர் சரியாகக் காட்டாது. பாதரஸம் சேர்ந்த நீர்நிலைகளின் மீனைத் தொடர்ந்து உண்போருக்கோ மயிர்ப் பரீக்ஷை பொருந்தும், மீனில் சேர்வது பெரும்பாலும் மீதைல் பாதரஸமாதலால். ஈயத்திற்கு இரத்தமே நம்பத்தக்கது.

இனி மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்த போர்டோக் கலவையைத் தெளிக்கும் ஆளின் தலையில் அதன் திவலை படாமலிராது. மயிரின் மேற்புறத்தில் ஒட்டிய தாமிரம் எது, இரத்தத்தின் வழியே வந்தது எது என்று எவ்வளவு கழுவியும் திட்டமாய்ப் பிரிக்க முடிவதில்லை. மேற்கு வங்காளத்தில் கிணற்று நீரிலுள்ள ஆர்ஸனிக்கை அறிய ஜாதவ்பூர் சர்வகலாசாலையார் ஆயிரக்கணக்கானோரின் மயிரையும் நகத்தையும் சோதித்தனர். பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேற்பட்டால் விஷக்குறி என்று கொண்டனர். அங்குங்கூட அதே நீரில் தலை முழுகுவதால் மேலே ஒட்டுவதுண்டாகையால், நீரையும் தோலின் குறிகளையும் சேர்த்தே பார்த்தனர். நம் தெளிப்பு ஆட்களுக்குத் தலைத்துணியும் கையுறையும் கண்காப்பும் கொடுப்பதில் அப்பணத்தைச் செலவிடுதலே உத்தமம்.

தபாலில் மயிரை வாங்கிக்கொண்டு முப்பது உலோகங்களின் பட்டியலும், கூடவே விற்பனைக்கு மருந்தும் அனுப்பும் வியாபாரத்தைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்க. 2001-ல் அமெரிக்காவில் ஒரே ஆளின் மயிரை ஆறு சோதனைச் சாலைகளுக்குப் பகிர்ந்தனுப்பியதில், 12 தாதுக்களின் அளவு ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டது!

அரசாங்க வைத்தியர் கேட்டாலன்றி மயிர் எடுக்கவேண்டுவதில்லை. கேட்டால், பிடரிக்குச் சற்று மேலே தோலையொட்டி, பென்சில் கனத்திற்குத் துருப்பிடியாத கத்தரியால் வெட்டி, வேர்ப்பக்கம் இன்னதென்று தெரியும்படி அம்முனையை நூலால் கட்டிக் காகித உறையிலிடவேண்டும். கோயிலில் முடியிறக்கிய மயிரை வாரிவந்தால் தலையும் வாலும் தெரியாது, பிரயோஜனமில்லை. உறையின்மேல் பெயர், வயது, தொழில், தேதி, சாயமோ மருதோன்றியோ இட்டதுண்டா, மீன் உண்ணும் வழக்கமுண்டா, குடிநீர் எங்கிருந்து என்பவற்றைக் கிராம அதிகாரி எழுதிக் கையொப்பமிடுக.