ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்!

ஓசூரை அடுத்தது மூக்கண்டப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊர். பெங்களூரு சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஏராளம்.

இங்கே ஒரு பெண் கர்ப்பமானால், அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றோடு எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காசு கிடையாது. கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், தாய்க்கு மருந்து கொடுத்துப் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்.

இந்தக் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்? பெரிய விஞ்ஞானி அல்ல. ஒரு மாணவி! பெயர், செல்லப்பன் நிர்மலா.

"இங்கே ஏது அந்த நோய்?"

1985-ம் ஆண்டின் கடைசி. நிர்மலாவுக்கு வயது 32. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சென்னை மருத்துவக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிய மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும்.

"எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார், பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன்.

நிர்மலா தயங்கினார். அமெரிக்காவில் 1981-ல் வெளிப்பட்ட நோய் அது. நம் நாட்டில் அது வராது என்றே பலரும் நம்பினார்கள். பம்பாயில் பலருடைய ரத்தத்தைச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"சும்மா செய்து பார். தப்பில்லை" என்று தைரியம் சொன்னவர், அவருடைய கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

குளிர்பெட்டியில் ரத்தம்

விபசார வழக்குகளில் பிடிபட்ட பெண்கள் இருந்த காப்பகத்துக்கு நிர்மலா போனார். பஸ் காசை மிச்சப்படுத்த, கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கையுறைகூட இல்லை. மூன்று மாதங்களில் சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். வைக்க இடம் வேண்டுமே? வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்!

எதற்காக ரத்தம் எடுக்கிறார் என்பதை அந்தப் பெண்களிடம் அவர் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று நினைத்தார். இது குறைதான். சம்மதம் கேட்டே சோதிக்க வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று பின்னர் 2017-ல் சட்டம் வந்தது.

வேலூரில் அதிர்ச்சி

சென்னையில் சோதிக்க வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, கணவனும் மனைவியும் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் கிருமி ஆராய்ச்சிக் கூடம் இருந்தது.

சிறு சிறு குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்த நீர். உடம்பில் கிருமி புகுந்தால், அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் உண்டாகும். அந்தப் பொருள் இருந்தால் குழியின் நிறம் மாறும்.

மூடியைத் திறந்தார்கள். ஆறு குழிகள் மஞ்சளாக இருந்தன!

நிர்மலா திகைத்துப் போனார். ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அது விமானத்தில் அமெரிக்கா போனது. அங்கும் அதே முடிவு. அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

மே மாதம், தமிழக சுகாதார மந்திரி ஹண்டே சட்டசபையில் செய்தியை அறிவித்தார். நாடே அதிர்ந்தது. நம்பாதவர்களும் உண்டு.

பிறகு நாடெங்கும் சோதனைகள் தொடங்கின. ஆனால் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து வந்தது 2004-ல்தான். இடையில் 18 ஆண்டுகள்! சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் நோயாளிகளுக்காக ஒரு நிலையம் தொடங்கி, 2015-ல் மறையும் வரை அவர்களோடு இருந்தார்.

மாணவி என்ன ஆனார்? அவருக்குப் பரீட்சை இருந்தது. 1987 மார்ச்சில் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2010-ல் ஓய்வு பெற்றார்.